ஆண்கள் இரட்டையர்: 40-40லயே கேமை முடிச்சுட்டாங்களே, ஏன்? கூடவே என் பையன் பஞ்சாயத்து

திருமங்கலம்_அப்பா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டென்னிஸ் ஆடினவன் கிடையாது. சின்ன வயசுல கபடி, அப்புறம் ரப்பர் பந்து கிரிக்கெட், அத்தோட சரி. பையனுக்கு 13 வயசு. மூணு வருஷமா மதுரையில ஒரு கோச்சிங்ல விட்டிருக்கேன். வாரத்துக்கு நாலு நாள், விடிய அஞ்சு மணிக்கு இங்கேர்ந்து வண்டியைக் கெளப்பணும். ரெண்டு மாசம் முன்னாடி அங்க ஒரு சார், பையன் காதுபடவே, "இவனுக்குக் கால் கனம். சிங்கிள்ஸுக்கு ஆகமாட்டான், டபுள்ஸ்ல போட்டுருவோம்"னு சொல்லிட்டார். அன்னையிலேர்ந்து பையன் ராக்கெட்டை பீரோ மேல போட்டுட்டான்.

சரி, டபுள்ஸ்னா என்னதான்னு நேர்ல காட்டுவோம்னு பிப்ரவரியில நுங்கம்பாக்கத்துல நடந்த சாலஞ்சர் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல போய் எழும்பூர்ல எறங்கி, இட்லியைத் தின்னுட்டு, ஒன்பதரைக்கெல்லாம் ஸ்டேடியத்து வாசல்ல நிக்கிறோம். சைடு கோர்ட்டுல ஆண்கள் டபுள்ஸ். பார்க்க எங்களோட சேர்த்து முப்பது பேர் இருந்தா அதிகம். அவ்வளவு கிட்டத்துல உக்காந்திருந்தோம், அவங்க மூச்சு வாங்குறதுகூடக் கேக்குது.

ஸ்கோர் 40-40 ஆச்சு. நான் பெரிய இவனாட்டம் பையன்கிட்ட, "இது டியூஸ்டா, இனிமே சேர்ந்தாப்ல ரெண்டு பாயின்ட் எடுக்கணும்"னு சொல்லி வாய மூடல, ஒரே பாயின்ட்டுல அம்பயர் கேம்னுட்டார். பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு செட் ஆச்சு. இனி மூணாவது செட்டு, எப்படியும் முக்கால் மணி நேரம் ஓடும்னு டீ வாங்கப் போனேன். வந்து பார்த்தா போர்டுல 10-7ன்னு போட்டிருக்கு. நாலு பேரும் கைகொடுத்துட்டு பையத் தூக்குறாங்க. ரெண்டு டீயையும் நானே குடிச்சேன்.

இதெல்லாம் என்ன கணக்கு? சர்வீஸ் போடுறதுக்கு முன்னாடி நெட்டுக்கிட்ட நிக்கிறவர் முதுகுக்குப் பின்னாடி விரலைக் காட்டுறாரே, அது என்ன? எல்லாத்துக்கும் மேல, டபுள்ஸ்ங்கிறது சிங்கிள்ஸ் ஆட முடியாதவங்களைப் போட்டுவைக்கிற எடமா? பையனுக்கு நான் என்ன சொல்லட்டும்?

மாட்டுத்தாவணி_மச்சான் எழுதியது:

40-40ல முடிஞ்சதுக்கு சந்தோசப்படுங்கண்ணே. பழைய கணக்குன்னா அன்னைக்கு ராத்திரி பாண்டியனை விட்டுட்டு கிளாம்பாக்கத்துல பஸ்ஸுக்கு நின்னிருப்பீங்க. மத்ததுக்குக் கட்டுக்கடை அண்ணன் வருவாரு. டபுள்ஸ்னு எழுதுனா போதும், பருத்திப்பாலைப் பாதியில வச்சுட்டு ஓடியாந்துருவாரு.

கட்டுக்கடை எழுதியது:

வந்துட்டேன். பருத்திப்பாலைக் குடிச்சுட்டுத்தான் வந்தேன்.

அண்ணே, நான் டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல பேட்டுக்குக் கட், அதான் அந்த வலைக் கம்பி, போடுற கடை வச்சிருக்கேன், 22 வருசமாச்சு. ஷட்டில் பேட்டு சோறு போடுது, டென்னிஸ் பேட்டு ஆசைக்கு. காலையில ஆறு மணிக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்துல நாங்க நாலு பேர் டபுள்ஸ் ஆடுவோம். நாலு பேர் வயசையும் கூட்டுனா 230 தாண்டும்.

மொதல்ல அந்த 40-40. அம்பயர் அதுக்கு முன்னாடியே "டிசைடிங் பாயின்ட், ரிசீவர்ஸ் சாய்ஸ்"னு சொல்லியிருப்பாரு. நீங்க பையனுக்கு வெளக்கம் சொல்ற ஜோர்ல காதுல வாங்கியிருக்க மாட்டீங்க. ஏடிபி டூர்லயும் (ஆம்பளைங்க டென்னிஸோட பெரிய போட்டிங்க), அதுக்கு ஒரு படி கீழ இருக்கிற சாலஞ்சர்லயும் டபுள்ஸுக்கு அட்வான்டேஜ், அதான் நீங்க சொன்ன அந்த ரெண்டு பாயின்ட் கணக்கு, கெடையாது. 2006லேர்ந்து இதான். 40-40னா ஒத்தப் பாயின்ட், எடுத்தவனுக்கு கேம். ஒண்ணுக்கு ஒண்ணு செட் ஆனா மூணாவது செட்டே கெடையாது, பத்து பாயின்ட் டை-பிரேக், ரெண்டு வித்தியாசத்துல ஜெயிக்கணும். மேட்ச் எப்ப முடியும்னு ஒரு மட்டுக்குத் தெரிஞ்சாத்தான் அடுத்ததுக்கு நேரம் குறிக்கலாம், சிங்கிள்ஸ் பெருந்தலைங்களும் டபுள்ஸுக்குப் பேர் கொடுப்பாய்ங்கன்னு கொண்டாந்த ஏற்பாடு. விம்பிள்டன்ல இந்தக் கதை செல்லாது. அங்க அட்வான்டேஜ் உண்டு, மூணாவது செட்டை முழுசா ஆடணும், 6-6 ஆனாத்தான் பத்து பாயின்ட். அங்க 2022 வரைக்கும் ஆண்கள் டபுள்ஸ் அஞ்சு செட்டு. 2023லதான் மூணாக் கொறைச்சாய்ங்க.

எனக்கும் ஆரம்பத்துல இது பிடிக்கல. இட்லிக்கடையில சாம்பாரை அளந்து ஊத்துன மாதிரி இருந்துச்சு. இப்ப அந்த ஒத்தப் பாயின்ட்டுக்காகத்தான் மேட்சே பாக்குறேன். ஏன்னா, சர்வீஸை வலது கட்டத்துல வாங்குறதா இடது கட்டத்துல வாங்குறதான்னு வாங்குற ஜோடிதான் முடிவு பண்ணணும். வலது யாரு இடது யாருன்னு செட்டு ஆரம்பத்துலயே எடம் போட்டுருவாய்ங்க, செட்டு முடியிற வரைக்கும் மாத்தக் கூடாது. அப்ப எடத்தைச் சொல்றதும் ஆளைச் சொல்றதும் ஒண்ணுதான். "இந்தப் பந்தை நீ வாங்குறியா, நான் வாங்கட்டுமா?" இதை எதிராளி பாத்துக்கிட்டிருக்கும்போதே பேசி முடிக்கணும்.

எங்க நாலு பேர்ல எனக்கு ஜோடி ஒரு ரிட்டையர்டு பேங்க்காரரு. வலது பக்கம் அவரு, இடது பக்கம் நான். பத்து வருசமா இதான் எடம். 40-40 ஆனதும் அவரு என்னையப் பாக்க மாட்டாரு. குனிஞ்சு ஷூ லேசை அவுத்துக் கட்டுவாரு. நல்லா முடிஞ்சிருக்கிற லேசை அவுத்துத் திருப்பிக் கட்டுவாரு! அப்ப நான் வாங்கணும்னு அர்த்தம். ஒருநாள் நிமிந்து நின்னு, "இதை நான் வாங்குறேன்டா தம்பி"ன்னாரு. நெட்டுல அடிச்சாரு, கேம் போச்சு. ஆனா அன்னைக்கு பூரா மனுசன் மொகத்துல ஒரு தெளிச்சி. நான் ஒண்ணும் கேக்கல.

டூர்ல ஆடுறவிங்க இதுல கணக்கும் பாப்பாய்ங்க. சர்வீஸ் போடுறவன் எடதுகையா? அப்ப இடது கட்டத்துல வாங்குனா பந்து வெளிய வெளிய இழுத்துட்டுப் போகும், வலது பக்கம் வச்சுக்கோ. இப்பிடி.

அடுத்து விரல். ஊருக்கு ஊரு, ஜோடிக்கு ஜோடி மாறும். பொதுவா மொதல் சைகை சர்வீஸ் எங்கிட்டு விழணும்னு: நடுக்கோட்டுலயா, ஆளு ஒடம்புலயா, வெளிக்கோட்டுலயா. ரெண்டாவது, "நான் குறுக்க பாயப்போறேன்" இல்லாட்டி "பாயல". விரலை விரிச்சா ஒண்ணு, கையை மூடுனா ஒண்ணு. பின்னாடி சர்வீஸ் போடுறவன் தலையாட்டணும், இல்லாட்டி "சரி"ன்னு சொல்லணும். அவன் ஒத்துக்கலைன்னா திருப்பிக் காட்டுவாய்ங்க. அடுத்த தடவை போனா பையன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: பந்தைப் பாக்காத. பந்தை அடிக்காதவனைப் பாரு. நெட்டுல நிக்கிறவன் எதிராளி அடிக்கப்போற அந்த நொடியில குதிகாலைத் தூக்கி சின்னதா ஒரு துள்ளு துள்ளுவான். எங்கிட்டுப் பாயணும்னு கால் அங்கதான் முடிவு பண்ணும். சில சமயம் பாயுற மாதிரி தோளை மட்டும் ஆட்டிட்டு நின்ன எடத்துலயே நிப்பான். பந்து நேரா அவன்கிட்டயே வரும். பந்தையே தொடாம பாதிப் பாயின்ட்டு சம்பாதிக்கிறது டபுள்ஸ்ல மட்டும்தான்.

இப்ப அந்த "கால் கனம்". அந்த சார் யாரோ, நல்லா இருக்கட்டும். சிங்கிள்ஸ் கோர்ட்டு அகலம் 27 அடி, டபுள்ஸுக்கு 36 அடி. ரெண்டு பக்கமும் நாலரை அடி கூடும். அதை ரெண்டு பேர் பங்கு போட்டாத் தலைக்கு 18 அடி. ஓட்டம் கொறையும், வாஸ்தவம். ஆனா ரெண்டு பக்கமும் நெட்டுக்கு வந்துட்டா பந்து போய் வர்ற நேரம் பாதியாயிரும். நீளமா ஓடுற காலு வேணாம், மொத ரெண்டு எட்டு வெரசா வைக்கிற காலு வேணும். கால் கனமானவனை இதுல போட்டா நடுவுல பந்து போகப் போகப் பாத்துக்கிட்டு நிப்பான்.

ரோகன் போபண்ணாவை எடுத்துக்கங்க. முழங்கால் குருத்தெலும்பு தேஞ்சு, ஐயங்கார் யோகா பண்ணித் தேத்திக்கிட்டு ஆடுன ஆளு. 2024 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல மேத்யூ எப்டனோட சேர்ந்து ஃபைனல்ல 7-6, 7-5. அப்ப அவருக்கு வயசு 43. அந்தக் கையோட டபுள்ஸ்ல உலக நம்பர் ஒண்ணு.

நான் அவரை நேர்ல பாத்தது 2017 ஜனவரியில, அதே நுங்கம்பாக்கத்துல, சென்னை ஓப்பன் டபுள்ஸ் ஃபைனல். வர்தா புயல் அடிச்சு ஒரு மாசம்கூட ஆகல, ரோட்டோரம் பூரா வெட்டிப்போட்ட மரம். கையில ரெண்டாயிரம் ரூவா நோட்டு, சில்லறை ஒருத்தனும் தரமாட்டேங்கிறான். ஒரு வாட்டர் பாட்டிலுக்கு நாலு கடை ஏறி எறங்குனேன். உள்ள போனா கோர்ட்டுல நாலு பேரும் நம்ம நாட்டுக்காரய்ங்க. ஒரு பக்கம் போபண்ணாவும் சென்னைப் பையன் ஜீவன் நெடுஞ்செழியனும், அந்தப் பக்கம் பூரவ் ராஜாவும் திவிஜ் சரணும். 6-3, 6-4. ஜீவனுக்கு டூர்ல அதான் மொத பட்டம். ஜீவன் எடதுகை, போபண்ணா வலதுகை. வலதும் எடதும் சேர்ந்த ஜோடிக்கு எதுத்தாப்ல நிக்கிறவன் பாடுதான் பாடு. கேமுக்கு கேம் சர்வீஸ் வேற பக்கமா வளைஞ்சு வரும். கண்ணு ஒண்ணுக்குப் பழகுறதுக்குள்ள அடுத்தது. அதே மைதானத்துல பயஸும் பூபதியும் நாலு தடவை ஜெயிச்சவிங்க, அதெல்லாம் டிவியில பாத்ததோட சரி.

அதுதான் அங்க ஆம்பளைங்க ஏடிபி டூர்ல கடைசி சென்னை ஓப்பன்னு எனக்குத் தெரியாது. 2018ல போட்டி புனேக்குப் போயிருச்சு. ஊருக்கு வந்த பத்து நாள்ல தமுக்கம் பூரா ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம். அதுல டென்னிஸ் பத்தி எவன்கிட்டப் பேச?

கடைசியா என் தொழில் சமாச்சாரம். பையன் பேட்டுல என்ன கட் போட்டிருக்கு? பாலியஸ்டரை 58 பவுண்டுல இழுத்துப் போட்டிருந்தா மொதல்ல அதை அறுத்து எறிங்க. 13 வயசு முழங்கைக்கு அது ஆகாது. சிந்தெடிக் கட், 50 பவுண்டு போதும். கை வலிச்சாலும் பேட்டு பீரோ மேல போகும்ணே.

ஆனையூர்_டீச்சர் எழுதியது:

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கட்டுக்கடை அண்ணனுக்கு ஒரு திருத்தம். பயஸ்-பூபதி சென்னையில் ஜெயித்தது நாலு முறை இல்லை, ஐந்து: 1997, 1998, 1999, 2002, பிறகு 2011. அந்தக் கடைசியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வருஷமும் பயஸ் ஜெயித்தார், ஆனால் டிப்சரேவிச்சோடு.

திருமங்கலம் சார், விதி விஷயம் எல்லாம் அண்ணன் சொன்னது சரி. பையன் விஷயத்தில் நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்வேன். டபுள்ஸ் உசத்தி என்று சொல்லிச் சமாதானம் பண்ணி அவனை அதிலேயே விட்டுவிடாதீர்கள். 13 வயதில் எந்தப் பிள்ளையையும் ஒன்றில் மட்டும் அடைக்கக் கூடாது. டபுள்ஸில் ஒரு மணி நேரம் ஆடினால் அவன் அடிக்கிற பந்து, சிங்கிள்ஸில் அடிப்பதில் பாதிதான் இருக்கும். இந்த வயதில் பந்து நிறைய அடிக்கணும். பயஸே 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கியது சிங்கிள்ஸில். விரல் சைகையும் நெட் ஆட்டமும் அப்புறம் கூடிவரும். அந்த சாரிடம் நேரில் போய்க் கேளுங்கள்: "கால் கனம் என்றால் அதற்கு என்ன பயிற்சி தருகிறீர்கள்?" ஸ்கிப்பிங் கயிறு நாற்பது ரூபாய் சமாச்சாரம். அதைச் சொல்லாமல் பிள்ளைக்கு முத்திரை குத்துவது எங்கள் வேலை இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு டேபிள் டென்னிஸ் பழக்கம். அதில் ஜோடியாக ஆடும்போது ஆளுக்கு ஒரு பந்து மாற்றி மாற்றி அடித்தே ஆகவேண்டும். டென்னிஸில் அந்தக் கட்டாயம் இல்லை. சர்வீஸை வாங்கிய பிறகு பத்துப் பந்தையும் ஒருவரே அடிக்கலாம். ஆனால் அப்படி அடிக்கிறவரோடு அடுத்த வாரம் யாரும் ஜோடி சேர மாட்டார்கள்.

கட்டுக்கடை எழுதியது:

டீச்சரம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். 2011ஐ விட்டது என் தப்பு. அந்த வருசம் தங்கச்சி கல்யாணம், ஜனவரி பூரா பத்திரிகை வச்சுக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சேன். பயஸ் ஜெயிச்சாரா பூபதி ஜெயிச்சாரான்னு யாரு பாத்தா.

சிங்கிள்ஸும் ஆடட்டும்னு சொன்னதுக்கு மறுபேச்சே இல்ல.

திருமங்கலம்_அப்பா எழுதியது:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். கட்டுக்கடை அண்ணன் எழுதினதைப் பையன்கிட்ட போன்ல காட்டினேன். மொதல்ல "ம்"னு வாங்கி, திருப்பிக் கொடுக்காம ரொம்ப நேரம் வச்சிருந்தான். லேஸ் கட்டுற பேங்க்காரர் எடத்துல சிரிச்சான். நேத்து ராக்கெட்டை எறக்கி கம்பியைத் தட்டிப் பார்த்தான். பாலியஸ்டர்தான் போட்டிருக்கு அண்ணே. எத்தனை பவுண்டுன்னு தெரியல. கோச்சிங்லயே போட்டுக் குடுத்தது. முழங்கை வலிக்குதாடான்னு கேட்டா, "முன்னாடியே வலிச்சுச்சு, சொன்னா நீ திட்டுவ"ங்கிறான். இதுக்கு நான் என்ன சொல்ல.

அந்த சாரை வியாழக்கிழமை பார்க்கப் போறேன், டீச்சர் சொன்னதை அப்படியே கேட்டுர்றேன்.

பையன் கேக்கச் சொன்ன ஒரு சந்தேகம். சென்னையில பார்த்தப்ப ஒரு ஜோடி, சர்வீஸ் போடும்போது இன்னொருத்தர் நெட்டுக்கு நடுவுல, தலை தெரியாம குத்தவச்சு உக்காந்திருந்தார். சர்வீஸ் அவர் தலைக்கு மேல போகுது. அது சரியா? பந்து அவர் மேல பட்டா என்ன ஆகும்?

கட்டுக்கடை எழுதியது:

தம்பிகிட்டச் சொல்லுங்க, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ற தகுதி மதுரையிலயே எனக்குத்தான் அதிகம்.

அது ஐ-ஃபார்மேஷன். இங்கிலீஷ் ஐ எழுத்து கணக்கா ரெண்டு பேரும் ஒருத்தன் பின்னாடி ஒருத்தன் ஒரே கோட்டுல. சர்வீஸ் போடுறவனோட ஜோடி எங்க வேணாலும் நிக்கலாம், உக்காரலாம், எந்த விதியும் தடுக்காது. சர்வீஸ் தாண்டுனதும் முன்னாடி இருக்கிறவன் எந்திரிச்சு ஒரு பக்கம் பாய்வான், பின்னாடி இருக்கிறவன் மத்த பக்கம். யாரு எங்கிட்டுப் போவான்னு திருப்பி அடிக்கிறவனுக்குக் கடைசி நொடி வரைக்கும் தெரியாது. அதுதான் சூட்சுமம்.

சர்வீஸ் தன் ஜோடி மேலயே பட்டா அது ஃபால்ட். எதிராளியோட ஜோடி மேல தரையில விழாம நேரா பட்டா, சர்வீஸ் போட்டவனுக்குப் பாயின்ட்.

நாலு வருசம் முன்னாடி டிவியில பாத்துட்டு நாங்களும் பண்ணுனோம். நான் நெட்டுல குத்தவச்சு உக்காந்துட்டேன். எங்க பேங்க்காரரு சர்வீஸ் வேகம் இல்லைன்னு நம்பி உக்காந்தேன், அதான் தப்பு. வேகம் இருந்தாத் தலைக்கு மேல போயிருக்கும். பொத்துன்னு எறங்கி எடுப்பா இருந்த எடத்துல விழுந்துச்சு. "ஃபால்ட்டு!"ன்னு எதிர்ல இருந்து சத்தம். நான் எந்திரிக்கப் பாக்குறேன், முட்டி எந்திரிக்க விடல. "செகண்ட் சர்வீஸ் போடவாப்பா, இருக்கியா?"ன்னு பின்னாடியிருந்து கேக்குறாரு மனுசன். அதுக்கப்பறம் ரேஸ்கோர்ஸ்ல ஐ-ஃபார்மேஷன் கெடையாது.

வியாழக்கிழமை மதுரை வர்றப்ப பேட்டை எடுத்துட்டு வாங்க. அறுத்துட்டு சிந்தெடிக் போட்டுத் தர்றேன், அரை மணி நேர வேலை. பன்னெண்டு மணிக்கு மேல வராதீங்க, சந்துல வண்டி நிப்பாட்ட எடம் இருக்காது. அடுத்த திங்கள் எங்க நாலாவது ஆளு பேரனுக்குக் காதுகுத்துன்னு அழகர்கோயில் போறாரு. மூணு பேர்தான் இருப்போம்.

திருமங்கலம்_அப்பா எழுதியது:

ஆறு மணிக்கா அண்ணே?

கட்டுக்கடை எழுதியது:

அஞ்சே முக்காலுக்கு வந்துருங்க. எடது பக்கம் ஆடுவானா தம்பி?

திருமங்கலம்_அப்பா எழுதியது:

கேட்டேன். வலதுன்னா வலது, இடதுன்னா இடதுங்கிறான். ஆனா 40-40 வந்தா தான்தான் வாங்குவானாம்.

மாட்டுத்தாவணி_மச்சான் எழுதியது:

பேங்க்காரரு இனிமே லேஸ் வச்ச ஷூவே போடத் தேவையில்ல.